மலிவு டியூப்

கழற்றிய பிறகும் சத்தம் வந்தது.

ஒரு கையில் கண்ணாடி டியூபைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மறுபடியும் கிட்டார் கம்பியைத் தட்டினாள்.

வந்தது. அதே சத்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கல்யாண மண்டப மேடைக்குப் பின்னால், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே அவள் குந்தியிருந்தாள். வேனில் வந்த குலுக்கலில், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்குள் ஏதோ கடகடவென்று ஆடியது. டியூப் தளர்ந்திருக்கும், அழுத்திவிடலாம் என்றுதான் பின்பக்கத் தகட்டைத் திறந்தாள். தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

டியூப் ஆம்பிலிருந்து டியூபைப் பிடுங்கினால் பெட்டி ஊமையாகிவிட வேண்டும். கிட்டார் தொட்ட யாருக்கும் அது தெரியும்.

இது பாடிக்கொண்டிருந்தது.

குனிந்து உள்ளே பார்த்தாள். டியூப் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பல்ப். ஆரஞ்சு நிறம். திருவிழாவில் சீரியல் செட் போடுவார்களே, அந்த ரகம்.

இதைத்தான், டியூப் சூடேறி ஒளிர்கிறது என்று ஆறு மாதமாக ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை விளக்கை அணைத்துவிட்டு வேறு.



விற்றவன் மேல் வந்த கோபம் அங்கே நிற்கவில்லை. நேராக இசக்கிராஜ் மேல் போய் விழுந்தது.

இசைக்குழு அவருடையது. கீபோர்டு வாசிப்பதும் அவர்தான். யார் எப்போது வாசிப்பது என்று சொல்வதும் அவர்தான். இரண்டு வருடமாக அவளுக்கு வெறும் ரிதம், பாட்டுக்குப் பின்னால் தாளத்தோடு தட்டுவது மட்டும். பாட்டின் நடுவே கிட்டார் தனியாக எழும்பும் லீட் எல்லாம் அவர் மச்சினன் சுதனுக்கு. சுதனிடம் வெளிநாட்டு டியூப் ஆம்ப் இருந்தது.

அவளிடம் இருந்தது டியூப் இல்லாத பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப். மழையில் நனைந்தும் வேலை செய்த பெட்டி.

அதில் உயிரே இல்லை என்று ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொன்னார். டியூப் இல்லாத பெட்டியில் எப்படி வாசித்தாலும் பிணம் எழுந்து பாடுகிற மாதிரிதான் இருக்குமாம். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டியை ஒரு கிராமத்து ஜெப சபைக்கு விற்றாள். கைக்கு எட்டிய விலையில் இருந்த ஒரே டியூப் ஆம்பை வாங்கினாள். அதை வாங்கலாமா வேண்டாமா என்று இணையத்தில் இரண்டு கட்சியாக அடித்துக்கொண்டார்கள். மலிவு என்றால் மட்டம்தான் என்றது ஒரு கட்சி. எந்த விலையானாலும் டியூப் டியூப்தான் என்றது இன்னொன்று. தனக்கு வேண்டியதைச் சொன்ன கட்சியை அவள் நம்பினாள்.

புதுப் பெட்டி வந்த அன்று இசக்கிராஜ் கண்ணை மூடிக் கேட்டார். தலையை ஆட்டினார்.

இப்போதுதான் உயிர் வந்திருக்கிறதாம். ஆனால் மலிவு டியூப் அல்லவா, பாதி உயிர்தானாம். லீட் வாசிக்க அது காணாதாம்.

பாதி உயிர்!

அந்தச் சின்ன பல்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொதித்தது. பாதியும் இல்லை, காலும் இல்லை. இதுவும் டிரான்சிஸ்டர்தான். ஆறு மாதமாக அவர் கேட்டுத் தலையாட்டியது அவள் விரலை.

அதைவிடக் கொடுமை, அவளும் நம்பினாள். கம்பியைத் தொட்டதும் ஒரு வெதுவெதுப்பு வருவதைத் தன் காதாலேயே கேட்டாள். தன் விரலை ஒரு கண்ணாடிக் குப்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தகட்டை மூடித் திருகாணிகளை முறுக்கினாள். டியூபை உள்ளே வைக்கவில்லை.

மனதுக்குள் இசக்கிராஜ் 'அண்ணன்' போய் 'அவன்' வந்திருந்தான்.

மாலையில் வரவேற்பு தொடங்கியது. முதல் பாட்டு முடிந்ததும் இசக்கிராஜ் அவள் பக்கம் சாய்ந்தார்.

"பிளசி, இன்னைக்கு டியூப் நல்லா சூடேறிட்டும்மா. கேக்கவே தனியா தெரியுது."

 பைக்குள் டியூப் இருக்கிறதா என்று அவள் தொட்டுப் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். போன வருடம் எதிர்த்துப் பேசிய பாடகியின் இடத்தில் அடுத்த வாரமே வேறு பாடகி நின்றாள். இந்தக் குழுவை விட்டால், கிட்டார் பிடித்த ஒரு பெண்ணை மேடையேற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது.

அடுத்த பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் நீளமான லீட். இசக்கிராஜ் கீபோர்டிலிருந்து வலது கையை உயர்த்தி மச்சினனுக்குக் காட்டுவார். அவன் எடுப்பான். அதுதான் வழக்கம். சுதன் தயாராக நின்றான்.

அந்தக் கை உயர்வதற்குள் அவள் ரிதத்தை நிறுத்தினாள். இரண்டு எட்டில் நடந்து போய், பையிலிருந்த டியூபை எடுத்து அவர் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"இது மத்தியானமே கையோட வந்துட்டுண்ணே."

கண்ணாடி உருண்டது. இசக்கிராஜ் பதறி வலது கையால் பிடித்தார். பிடித்த பிறகுதான் என்ன பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார். பிறகு அவளுடைய ஆம்பைப் பார்த்தார். உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

லீட் வரவேண்டிய இடம் வந்தது. டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடியது. சுதன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மூடியிருந்தது.

அவள் எடுத்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்த அத்தனை நாளும் விரலுக்கு வந்தது. சத்தம் முரடாக இருந்தது. ஓரிடத்தில் சுருதி கொஞ்சம் விலகியது. போகட்டும் என்று விட்டாள். பந்திக்குச் சாம்பார் வாளியோடு போன ஆள் நின்று மேடையைப் பார்த்தான்.

இசக்கிராஜ் ஒற்றைக் கையால் கீபோர்டைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேண்டிய சரணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

டியூபை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.