ஒரு ஃபைல் விடாமல்

“உன் பேரு ஒரு ஃபைல்லகூட இருக்கக் கூடாது, புரியுதா?” என்றார் சித்தப்பா, புதுக் கம்ப்யூட்டரின் அட்டைப் பெட்டியைக் கிழித்தபடி.

“புரியுது சித்தப்பா.”

“ஆபீஸ்ல என்ன சித்தப்பா? சார்னு சொல்லு. எத்தனை தடவ சொல்றது.”

“புரியுது சார்.”

லிஃப்ட் பராமரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் டைப் அடிப்பது, போன் எடுப்பது, டீ போடுவது எல்லாம் அவள்தான். ஊரில் சும்மா இருந்தவளைக் கடல் தாண்டிக் கூட்டி வந்து ஆளாக்கியது தானே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சித்தப்பா சொல்லிக்கொள்வார்.

அதே வாயால் போன மாதம் அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். “உங்க பொண்ணு எதுக்கும் லாயக்கில்ல அண்ணே. திருப்பி அனுப்பிடறேன். என் மச்சினி வர்றா, அவ பாத்துப்பா.” அவள் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனை வைத்த ‘டொக்’ அவள் காதிலும் விழுந்தது. அன்று பற்றிய தீ இன்னும் அணையவில்லை.

கட்டடம் கட்டடமாக லிஃப்ட்டைச் சோதித்த ரிப்போர்ட்டுகள் அத்தனையும் சித்தப்பா சொல்லச் சொல்லப் பழைய கம்ப்யூட்டரில் அவள் அடித்தவை. அதிலிருந்த ஆபீஸ் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் அவள் பெயரில் இருந்ததால், எந்த ஃபைலைத் திறந்தாலும் ‘எழுதியவர்’ என்று அவள் பெயர்தான் வரும். சித்தப்பா அதைக் கவனித்ததே இல்லை. இன்று காலை அந்தப் போன் வரும் வரைக்கும்.

“லிஃப்ட் பாதுகாப்பு ஆபீஸ்லருந்து, சார்” என்றாள் போனை வைத்துவிட்டு. “திங்கக்கிழமை வர்றாங்களாம். நம்ம ரிப்போர்ட்டெல்லாம் எழுதினவரை நேர்ல பாக்கணுமாம்.”

சித்தப்பாவின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. “சொன்னேன்ல, இந்த வருஷப் பாதுகாப்புப் பரிசு நமக்குத்தான்னு. ஒரு குறை இல்லாத ரிப்போர்ட் வேற எவன் குடுத்தான்?”

“ஃபைல்ல என் பேரு இருக்கு சார். நானே பேசட்டுமா?”

அவ்வளவுதான். மச்சினிக்காக வாங்கி மூலையில் கிடந்த புதுக் கம்ப்யூட்டர் உடனே மேஜைக்கு ஏறிவிட்டது.

பழையதில் லைசென்ஸை விடுவித்தாள். புதியதில் சித்தப்பாவின் பெயரில் ஏற்றினாள். திரை அவருக்கு நல்வரவு சொன்னது. “பரவாயில்லையே, மரியாதை தெரிஞ்ச மிஷின்” என்றார் அவர். பிறகு அவள் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து தன் பெயரை அழித்து அவர் பெயரைப் போட ஆரம்பித்தாள்.

“எல்லாத்தையுமா சார்? நாலாம் தெருக் கட்டடத்துதுகூடவா?”

“நாலாம் தெரு என்ன பாவம் பண்ணுச்சு? ஒண்ணு விடாம மாத்து.”

“பழசுல என் பேரோட காப்பி கிடக்கு. தொடச்சா திரும்ப வராது.”

“வரவே கூடாது. தொடச்சுட்டுப் பழைய இரும்புக்காரர்கிட்டப் போடு.”

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போக வந்த இரும்புக்காரர், கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த மெக்கானிக்கின் டூல் பையைக் காலால் நகர்த்தினார். தூசி பறந்தது. தும்மிக்கொண்டே, “இதையும் எடுத்துக்கவா?” என்றார்.

“அது வேணும்பா. கதவு சாத்திக்கும்” என்றார் சித்தப்பா.

திங்கட்கிழமை வந்த அதிகாரி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சித்தப்பா புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் டீ கொண்டுவந்தாள்.

“இந்த ரிப்போர்ட்டெல்லாம் எழுதினது யாருங்க?”

“அடியேன்தான். ஃபைலைத் திறந்து பாருங்க, என் பேரு இருக்கும்.”

“இந்தப் பொண்ணு?”

“அது டீ போடுற பொண்ணு. இதுல ஒரு எழுத்துகூட அதுக்குத் தெரியாது.”

“ஒவ்வொரு லிஃப்ட்டையும் நீங்களே போய்ப் பாத்தீங்களா?”

“என் கண்ணால பாக்காம ஒரு வரி எழுத மாட்டேன் மேடம்.”

அதிகாரி ஒரு ஃபைலைத் திறந்து படித்தார். “நாலாம் தெருக் கட்டடம், போன மாசம். கயிறு உறுதியா இருக்கு, பிரேக் சரியா இருக்கு, லிஃப்ட் நல்லா ஓடுது.”

“பட்டு மாதிரி ஓடுது.”

“அந்தக் கட்டடத்தைப் போன வருஷமே இடிச்சாச்சுங்க. இப்ப அங்க கார் நிறுத்தறாங்க.”

சித்தப்பாவின் கையிலிருந்த டீ புதுச் சட்டையில் இறங்கியது.

“பாக்காமலே எழுதறாங்கன்னு ஒருத்தர் போன்ல தகவல் குடுத்தாங்க” என்றார் அதிகாரி, சித்தப்பாவை விட்டுக் கண்ணை எடுக்காமல். “பொய் ரிப்போர்ட்டுக்கு, எழுதினவங்க மேலதான் கேஸ். எங்ககூட வாங்க.”

“மேடம், மேடம், நான் இல்ல. இவதான். எல்லாத்தையும் அடிச்சது இவதான்.” சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். குரல் தேனாய் ஒழுகியது. “அம்மாடி, நீயே சொல்லும்மா. நான் உன் சித்தப்பா இல்லையா?”

அவள் டீத் தட்டை மேஜைமேல் மெதுவாக வைத்தாள்.

“ஃபைல்ல என் பேரு எங்கயாவது இருக்கா, சார்?”