கவிழ்த்த குப்பி

ஜெல்லியாக உறைய வேண்டிய கரைசல் நாற்பத்தோராவது முறையும் தண்ணீராகவே நின்றதில் ஆராய்ச்சிக்காரிக்கு வெறுத்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லிவிட்டு, மேசையைக் காலி செய்கிறாள். கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா, ஜன்னலோரம் நாலு நாளாய்க் கிடந்த குப்பியைக் கழிவுக் கேனின் மேல் கவிழ்க்கிறாள். ஒன்றும் விழவில்லை. "என்னம்மா இது, தண்ணியாத்தானே இருந்துச்சு? இறங்க மாட்டேங்குது." "தட்டாதீங்கக்கா! அப்படியே பிடிங்க!" நாற்காலி சாய, ஓடி வருகிறாள். இரண்டு தலைகளும் முட்டாத குறையாகக் குனிகின்றன. தலைகீழான குப்பியின் உச்சியில், பிற்பகல் வெயிலை உள்ளே வாங்கிக்கொண்டு, பனிமூட்ட நிறத்தில் அது அசையாமல் தொங்குகிறது. "பசை ஏதாவது போட்டியா?" "இல்லக்கா. உள்ள இருக்கிற மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு தேடிப் பிடிச்சிருக்குங்க. கண்ணுக்குத் தெரியாத நூலாச் சேர்ந்து, வலையாப் பின்னி, அத்தனை தண்ணியையும் பிடிச்சு வச்சிருக்குங்க." "யாரும் சொல்லிக் குடுக்காமலா?" ஆமென்று தலையாட்டுகிறாள் ஆராய்ச்சிக்காரி. அக்காவுக்குக் கை கடுக்கிறது, இறக்க மனமில்லை. மற்ற கையைக் குப்பிக்கு அடியில் ஏந்திக்கொண்டு மெல்லச் சொல்கிறாள்: "இதை மட்டும் என்னைக் கழுவச் சொல்லிடாதம்மா."