மூடி திறக்காத பாட்டில்

ரத்தப் பரிசோதனைத் தாளில் புரோட்டீன் 8.7 என்று இருந்தது. பக்கத்திலிருந்த இயல்பளவு, "என் எல்லை 8.3. தாண்டிவிட்டாய், நீ நோய்தான்" என்றது.

செண்பகவல்லி தாளை டாக்டரிடம் நீட்டினாள்.

"இருந்ததைச் சொன்னேன். ஏன் கூடியதென்று எனக்குத் தெரியாதே" என்று கலங்கியது 8.7.

அவள் பையிலிருந்த தண்ணீர் பாட்டில் பேசியது: "நேற்று ராத்திரியிலிருந்து இவள் என்னைத் தொடவேயில்லை."

டாக்டரும் அதையே கேட்டார். "தண்ணியாவது குடிச்சீங்களாம்மா?"

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே டாக்டர்!"

"ஐயோ, தண்ணி குடிக்கலாம்மா. அதனாலகூட ஏறியிருக்கும். நல்லா குடிங்க, நாளைக்கு மறுபடி பார்ப்போம்."

கூட வந்திருந்த கணவர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். அவள் மடக்மடக்கென்று குடித்தாள்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்" என்றது 8.7, சந்தோஷமாக.