வாலுல கட்டின இலை

கொய்யா மரத்துல ஒரு குரங்கு பழக்கடை போட்டுச்சு. "மழைக்குச் சேத்து வெச்ச கடலைய மொத்தமாக் குடுங்க. வருஷம் பூரா நீங்க மெம்பரு, கூட்டத்துல நிக்கவே வேணாம்"னுச்சு. அணில் வீட்டுல இருந்ததெல்லாம் வழிச்சுக் குடுத்துட்டு, அடையாளத்துக்குக் குரங்கு குடுத்த மெம்பர் இலைய வாலுல கட்டிக்கிச்சு. காக்கா மட்டும் சேரல, அதுக்குச் சேத்து வெக்கிற பழக்கமே கெடையாது.

மழை இருட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு அணில் பசியோட ஓடுச்சு. பாத்தா எல்லா வாலுலயும் இலை. மெம்பர் வரிசை ஆத்தங்கரை வரைக்கும் நிக்குது. சாதா வரிசையில யாருமே இல்ல. காக்கா நேராப் போயி பழத்தோட வந்துருச்சு.

"மாப்ள, இந்தப் பக்கம் வாயேன், காலியாத்தான கெடக்கு."

"அது சாதா வரிசைடா."

"பழம் ஒண்ணுதான?"

அணில் வாலத் திருப்பி இலையப் பாத்துச்சு. "அங்க வந்தா, நான் குடுத்த கடலைக்கு என்னடா அர்த்தம்?"

தூறல் விழுந்துச்சு. காக்கா பாதிப் பழத்த நீட்டுச்சு. அணில் நின்ன எடத்துலயே அத வாங்கித் தின்னுச்சு. வாய் நெறையப் பழத்தோட சொன்னுச்சு:

"கொஞ்சம் தள்ளி நில்லு மாப்ள. இது மெம்பர் வரிசை."