விரைவு வரிசை

"நாளையிலிருந்து உங்க அண்ணனை என் கார்ல ஏத்த மாட்டேன். சொல்லிட்டேன்!"

சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டே லிஃப்ட் மெக்கானிக் கத்தினார். கோபமா, குஷியா என்று அவருக்கே தெரியவில்லை.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. இன்று தேறிவிட்டால் கையில் நம்பிக்கைப் பயணி கார்டு. எல்லைச் சாவடியில் தினமும் இரண்டு மணி நேரம் ஊர வேண்டாம். விரைவு வரிசையில் இரண்டே நிமிஷம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் அவருடைய கம்பெனி, அவசரப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற வேலை. பதினோரு வருஷமாக அவர் ஏங்கியது. "கார்டோட வா, வேலை உனக்கு. இல்லாட்டி, உள்ளே மாட்டினவன் நீ சாவடியைத் தாண்டி வர்றவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பானா?" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"எங்க அண்ணன் உங்களை என்னங்க பண்ணினார்?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் பண்ணலை. அதான் தப்பு! கார்ல ஒருத்தருக்குக் கார்டு இல்லாட்டியும் விரைவு வரிசையில விட மாட்டான். ஒரு ஃபாரம் நிரப்புங்கன்னு ஆறு மாசமாத் தொண்டை வத்தக் கத்தறேன். 'எனக்கெதுக்கு மாப்ளே அதெல்லாம்'னு சிரிக்கிறார். சோம்பேறி!"

"கேட்டுக்கிட்டுத்தான் வர்றேன்" என்றபடி மச்சான் உள்ளே நுழைந்தார். அந்தப் பக்கத்துச் சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர். "இன்னிக்கு ஒரு நாள் ஏத்திக்குங்க மாப்ளே. நாளையிலிருந்து பஸ். அதுலயாவது பாட்டுப் போடறான், உங்க கார்ல வெறும் திட்டுதான்."

மனைவி சிரித்துவிட்டாள். மெக்கானிக் சிரிக்கவில்லை.

கார்டு அலுவலகம் சாவடியை ஒட்டியே இருந்தது. மச்சானை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கைரேகை ஆயிற்று. "போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது சார்" என்று அந்தப் பெண் அதிகாரி மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாம் சரி. உங்க கார் நம்பர்ல மட்டும் ஒரு குறிப்பு இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால, டிக்கியில லிஃப்டோட பழைய சர்க்யூட் போர்டு ஒண்ணு. சுங்கத்துல சொல்லாமக் கொண்டுவந்தது."

இப்போது சிரிப்பு தானாக நின்றது. அன்றைக்கு அவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக் கவுண்டரில் நின்றிருந்தார். திரும்பி வந்தபோது, 'போர்டைப் பிடுங்கிக்கிட்டாங்க மாப்ளே' என்று மட்டும் சொன்னார் மச்சான்.

"பிடுங்கிக்கிட்டு விட்டுட்டாங்களே மேடம்?"

"எங்க விட்டாங்க? கூட வந்தவர் தன்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அபராதமும் கட்டியிருக்கார். பேர்ல இப்படி ஒண்ணு இருந்தா ஜென்மத்துக்கும் கார்டு கிடையாது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இஸ்திரி போடறவருக்கு லிஃப்ட் போர்டு எதுக்குன்னு அன்னிக்கு யாரும் கேக்கலை போல."

போர்டு மெக்கானிக்குடையதுதான். அன்று அவர் பெயரில் எழுதியிருந்தால் வேலை பர்மிட்டே போயிருக்கும்.

"உங்களுக்கு அதுல சம்பந்தம் இல்லையே? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கார்டு ரெடி."

அரை மணி கழித்துக் கையில் ஒரு கவரோடு வெளியே வந்தார்.

கார் பக்கத்தில் நின்ற மச்சான் ஓடி வந்தார். "என்ன மாப்ளே, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அடி சக்கை!" என்று அவரை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டார் மச்சான். "அவசரப் பிரிவு ஐயா! தங்கச்சிக்குப் போன் போடுங்க முதல்ல. நான் இப்படியே பஸ்ஸைப் பிடிக்கிறேன். நீங்க விரைவு வரிசையில சும்மா ஜம்முனு போங்க!"

"கவரைப் பிரிங்க மச்சான்."

பிரித்தார். கார்டு இல்லை. எழுதாத விண்ணப்ப ஃபாரம் ஒன்று இருந்தது.

"உங்க பேர்ல இருந்த அந்தப் போர்டு கேஸை என் பேருக்கு மாத்த எழுதிக் கொடுத்துட்டேன். பழைய கதைங்கிறதால பர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகலை. கார்டுதான் எனக்கு இனிமே கிடையாது."

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அந்த வேலை... ஆறு வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சேனே!"

மெக்கானிக் தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இன்னிக்கே நிரப்பிக் கொடுத்துடுங்க. கார்டு வந்ததும் காரை நீங்களே எடுத்துக்குங்க மச்சான். கூட நான் இருந்தா உங்களையும் விட மாட்டான்."