விரல் வழுக்கிய இடம்

ரெனால்டு கடைசியாக வாசித்துப் பதிந்துவைத்த கிதார்தான் முப்பதாம் நாள் பூசையில் ஒலிக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் கம்பிச் சத்தம். அதை கிதாருக்கான ஒலிபெருக்கியான ஆம்ப் வழியே ஒலிக்கவிட்டு, எதிரே மைக் வைத்து மறுபடி பதிந்தால்தான் கேட்க நன்றாயிருக்கும். தங்கை ஜெனிட்டா ஆவூர் வீட்டின் பின்னறையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே ஆம்பை வைத்தாள்.

இரண்டாம் சரணத்தில் அவன் விரல் வழுக்கியிருந்தது. ஒரு பிசகு விழுந்தாலும் முதலிலிருந்தே வாசிக்கிறவன், அன்று மட்டும் முழுக்க வாசித்து முடித்துவிட்டு, "வந்து சரியா வாசிச்சுக்கிறேன்" என்று பைக்கை எடுத்தான். மறுநாள் அவனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

ஜெனிட்டா பாட்டை ஓடவிட்டாள். அந்த இடத்தில் விரல் வழுக்கியது. ஆம்பில் சத்தம் நின்றது. பிறகு கிதார் முதலிலிருந்து தொடங்கியது. திரையில் பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் கோடு நிற்காமல், திரும்பாமல் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

ஜெனிட்டா, அவன் இருந்தபோது செய்வதுபோலவே, அதுவரை பதிந்ததை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியத் தொடங்கினாள்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "என்னடி, மறுபடியும் மொதல்லேருந்தா?"

"ஆமாம்மா."

"அப்ப சோத்தை மூடி வைக்கிறேன். முடிச்சுட்டு வரச் சொல்லு."