சீட்டில் வராத பெயர்

ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்த துர்காவின் கையில் பிங்க் நிற டிபன் பாக்ஸ் ஒன்று தட்டுப்பட்டது. மூடியில் பட்டாம்பூச்சிப் படம். பளிச்சென்று கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டில் சுற்றி வைத்திருந்தது. காபி குடித்த டம்ளரை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிற மனுஷன் தென்னரசு. அவன் கழுவியிருக்கிறான்!

துர்காவுக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கரை உடைந்து வெள்ளம் வந்துபோனதிலிருந்து, தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் வீட்டில் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். பசிக்கவில்லை என்று கையைக் கழுவிவிடுவான். கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். ம்ஹூம். வெள்ளத்தில் ஆட்களை மீட்டதற்காக ஊர் கூடி நிலையத்துக்காரர்களுக்குச் சால்வை போர்த்தியபோதுகூட அவன் மட்டும் போகவில்லை. டியூட்டி இருக்கிறதாம்.

டப்பாவின் கதையை, தீயணைப்பு வண்டி டிரைவர் சிவப்பிரகாசத்தின் மனைவி அன்புச்செல்விதான் போனில் சொன்னாள். நெசவுக்காரர் வீட்டுத் தறிக்குழிகளில் நின்ற வெள்ளம் வற்றியதும் சர்ச்சுக்காரர்கள் ஒரு ஊழியம் தொடங்கினார்களாம். ராத்திரி பகலாகத் தண்ணீரில் நின்ற வீரர்களில் ஒருத்தரை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டும். தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நிலையத்துக்கே அவருக்கு வீட்டுச் சாப்பாடு. யாருக்கு யார் என்று பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சிவப்பிரகாசத்தின் சீட்டு ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டுக்கு விழுந்தது. சாப்பாடு கொஞ்சம், ஜெபம் நிறைய என்று அன்புச்செல்வி சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு சீட்டு யாருக்கு வந்துச்சு?"

"அவருக்கு எங்க சீட்டு? ஸ்டெஃபின்னு ஒரு பொம்பள, தென்னரசுதான் வேணும்னு பேரு சொல்லி கேட்டு வாங்கிகிச்சாம்."

டப்பாவில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைப்பதில்லையாம் என்பதையும் அன்புச்செல்வி மறக்காமல் சொன்னாள். துர்கா போனை வைத்துவிட்டாள். பெயர் சொல்லிக் கேட்டாளாமே, கடையில் புடவையைக் காட்டி இந்தக் கலர்தான் வேண்டும் என்று கேட்பதுபோல! தன் கையால் ஆக்கினது அவன் தொண்டையில் இறங்காதாம், எவளோ ஆக்கினது மட்டும் இறங்குமாம். வெள்ளிக்கிழமை பார்த்தபோது டிக்கியில் டப்பா இல்லை. போய்க் கொடுத்துவிட்டும் வந்திருக்கிறான்.

ஞாயிறு மதியம் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினாள். தலை நிறைய மல்லிகை வைத்தாள். கறிக்குழம்பும் சோறுமாக கேரியரைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். சிவப்பாக இருப்பாள், இளசாக இருப்பாள் என்று வழியெல்லாம் அந்த ஸ்டெஃபிக்கு ஒரு முகம் வரைந்துகொண்டே வந்தாள். ஆட்டோ கண்ணாடியில் தன் முகத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

நிலையத்து வாசலில் சிவப்பிரகாசம் அவளைப் பார்த்ததும் எழுந்தார். தென்னரசு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், கொஞ்ச நேரம் இங்கேயே உட்காரலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அது போதாதா அவளுக்கு? அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சிவப்பும் இல்லை, இளசும் இல்லை. வெளுத்துப்போன காட்டன் புடவையில், கண்ணுக்குக் கீழே கருத்துப்போன ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தென்னரசு அந்த பிங்க் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு வாய் என்றாள் அவள். துர்கா எத்தனை கெஞ்சியும் வாங்காத அந்த ஒரு வாயை அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

 துர்கா கேரியரை டங்கென்று தரையில் வைத்தாள். சோற்றில் என்ன மருந்தைக் கலந்து என் புருஷனை மயக்கினாய் என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். தென்னரசு டப்பாவோடு எழுந்து ஏதோ சொல்ல வந்தான். உட்காருங்க என்று ஸ்டெஃபி கையைக் காட்டினாள். அவனும் உட்கார்ந்துவிட்டான். கட்டினவள் நின்றுகொண்டிருக்கிறாள், அவன் எவள் பேச்சையோ கேட்டு உட்காருகிறான்.

"கொழந்த டப்பால அடுத்தவ புருஷனுக்குச் சோறு எடுத்துகினு வந்து ஊட்டிகினு இருக்கியே," என்றாள் துர்கா. "உன் கொழந்த ஸ்கூலுக்கு எதுல எடுத்துகினு போகும்?"

ஸ்டெஃபி பக்கத்தில் கிடந்த மூடியை எடுத்து, பட்டாம்பூச்சியின் மேல் பட்டிருந்த குழம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அன்னிக்கு வெள்ளத்துல இவரு கையிலருந்து நழுவிப் போனது அவதாங்க."